மாற்றம் எடைமேடையில் தொடங்கட்டும்

மார்கழி, தை மாதங்களில் சேத்தியாத்தோப்புக்கு வருகிறவர்கள் ஊரைப் பார்ப்பதற்கு முன்பே கரும்பைப் பார்த்துவிடுவார்கள். விக்கிரவாண்டி – கும்பகோணம் நெடுஞ்சாலையிலும் சரி, விருத்தாசலத்திலிருந்து புவனகிரி வழியாகச் சிதம்பரம் போகிற சாலையிலும் சரி, பாரம் தாங்காமல் முனகிக்கொண்டு டிராக்டர்கள் வரிசை கட்டிப் போகும். டிரெய்லரின் இரு பக்கமும் கரும்பு பிதுங்கி நிற்கும். பின்னால் வரும் பேருந்து வழி கிடைக்காமல் ஹாரன் அடித்தபடியே வரும். அந்த டிராக்டர்கள் போய்ச் சேரும் இடம் எம்.ஆர்.கிருஷ்ணமூர்த்தி கூட்டுறவு சர்க்கரை ஆலை. ஊர்க்காரர்கள் அதை எம்.ஆர்.கே. ஆலை என்பார்கள். நாளொன்றுக்கு 2,500 டன் கரும்பு அரைக்கும் திறனுள்ள ஆலை அது. பங்குத்தொகை கட்டி உறுப்பினரான கரும்பு விவசாயிகளின் சொத்து.

தொழிற்சாலைகளில் தானியங்கி முறை, செயற்கை நுண்ணறிவு என்று பேச்சு எடுத்தாலே நம் கண்முன் வருவது ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் ஓசூரும்தான். கார் உடலுக்கு வெல்டிங் வைக்கும் ரோபோ கையின் படம் போடாமல் இந்த விஷயத்தில் ஒரு கட்டுரை வருவதே அபூர்வம். 2011-இல் ஜெர்மனியின் ஹனோவர் தொழிற்காட்சியில் ‘தொழில் 4.0’ என்ற பெயர் அறிமுகமானதிலிருந்து இதுதான் கதை. சக்கை பறக்கும், புகைபோக்கி நிற்கும் ஒரு கிராமத்துச் சர்க்கரை ஆலையை இந்தப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் புதிய தொழில்நுட்பத்தின் பலம் என்ன, வரம்பு என்ன, அதனால் யாருக்கு லாபம் என்று தெரிந்துகொள்ள சேத்தியாத்தோப்பு மாதிரி நல்ல இடம் இல்லை. கார் ஆலைக்கு வரும் இரும்புத் தகடு நாளைக்கும் அதே தகடுதான். கரும்பு அப்படியல்ல. வெட்டிய நிமிஷத்திலிருந்தே அதன் சர்க்கரை குறைய ஆரம்பிக்கிறது. கார் ஆலைக்குப் பொருள் கொடுக்கும் நிறுவனங்களை எண்ணிவிடலாம். இங்கே பொருள் கொடுப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களே ஆலையின் முதலாளிகளும்கூட.

கடலூர் மாவட்டத்துக்குச் சர்க்கரை புதிதல்ல. 1842-லேயே நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனம் தொடங்கிய ஆலையை நாட்டின் முதல் சர்க்கரை ஆலைகளில் ஒன்றாகச் சொல்வார்கள். நீராவி, மின்சாரம், கணினி என்று ஒவ்வொரு அலையையும் இந்த மண் பார்த்திருக்கிறது. இப்போது வந்திருக்கும் அலை எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள ஆலைக்குள் பாகு காய்ச்சும் இடத்துக்குப் போகவேண்டும்.

பான்மேனின் விரல்கள்

கரும்பை நசுக்கிச் சாறு எடுப்பது எவருக்கும் புரியும் வேலை. அதற்குப் பிறகு நடப்பதுதான் நுட்பம். புதுச்சாற்றின் புளிப்பு பி.எச். அளவில் 5.2, 5.3 என்ற கணக்கில் இருக்கும். அதைச் சூடாக்கி, சுண்ணாம்புப் பாலும் கந்தகப் புகையும் சேர்த்து 7-க்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். கீழே இறங்கினால் சர்க்கரை உடைந்து வேறு பொருளாகிவிடும். அப்படி உடைந்ததை மறுபடி மணியாக்க முடியாது. மேலே ஏறினால் சாறு கறுத்து, சர்க்கரை நிறம் மங்கும். முன்பெல்லாம் இதற்கென்று ஓர் ஆள் நிற்பார். சில நிமிஷத்துக்கு ஒருமுறை சாற்றைக் கரண்டியில் மொண்டு, சோதனைத் தாளில் நனைத்து, நிறத்தைப் பார்த்து, வால்வைத் திருகுவார். இரவு ஷிப்டில் கண் அசந்தால் போயிற்று. இன்று குழாய்க்குள்ளேயே உணர்கருவி இருக்கிறது. அது சொல்ல, வால்வு தானாகத் திறந்து மூடுகிறது. இந்த ஓர் இடத்தில் இயந்திரம் மனிதரைவிட நிச்சயம் மேல் என்று தயங்காமல் சொல்லலாம். அதற்குத் தூக்கம் வராது.

அடுத்தது பான். சாற்றை வற்றவைத்துக் கெட்டிப்பாகாக்கி, காற்றை உறிஞ்சி எடுத்த பெரிய கலத்துக்குள் விட்டுக் காய்ச்சுவார்கள். காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் பாகு 65, 70 டிகிரியிலேயே கொதிக்கும். அங்கே நிற்பவர் பான்மேன். கலத்தின் பக்கவாட்டிலுள்ள குழாயிலிருந்து கொஞ்சம் பாகை எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து இழுத்துப் பார்ப்பார். இழை எவ்வளவு நீளம் வந்து அறுகிறது என்பதில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். சர்க்கரைப் பொடியை வித்தாக இடவேண்டிய நேரம் அதுதான். அவசரப்பட்டால் வித்து கரைந்துவிடும். தாமதித்தால் வேண்டாத நுண்மணிகள் தானாகக் கிளம்பி, பாகிலிருந்து மணிகளைப் பிரிக்கும் சுழல் இயந்திரத்தின் சல்லடையை அடைக்கும். அவற்றைக் கரைக்க மறுபடி தண்ணீர் விடவேண்டும். அந்தத் தண்ணீரோடு சர்க்கரை கழிவுப்பாகுக்குள் போய்ச் சேரும்.

இந்தப் பக்குவத்தைச் சொல்லிக்கொடுக்கத்தான் 1936-இல் தொடங்கிய கான்பூர் தேசிய சர்க்கரை நிறுவனம் பாகு காய்ச்சுவதற்கென்றே தனிச் சான்றிதழ் வகுப்பு நடத்திவருகிறது. அங்கே போகாமல், மூத்தவர் பக்கத்தில் பத்துப் பதினைந்து பருவம் நின்று கற்றுக்கொண்ட பான்மேன்களும் நம் ஆலைகளில் ஏராளம். அவர்கள் செய்த வேலையை இப்போது பாகின் அடர்த்தியை நுண்ணலையால் அளக்கும் கருவியும், மின்கடத்துத் திறனை அளக்கும் கருவியும், ஒரு கட்டுப்பாட்டுக் கணினியும் சேர்ந்து செய்கின்றன.

இதனால் என்ன மிச்சம் என்று கேட்கலாம். 2,500 டன் அரைக்கும் ஆலையில் சர்க்கரை கட்டுமானம், அதாவது அரைத்த கரும்பில் சர்க்கரையாகக் கிடைக்கும் பங்கு, வெறும் 0.1 சதவீதம் கூடினால், ஒரு நாளைக்கு இரண்டரை டன் சர்க்கரை கூடுதலாகக் கிடைக்கும். 50 கிலோ மூட்டையில் 50 மூட்டை. மத்திய அரசு 2019-இல் நிர்ணயித்த குறைந்தபட்ச விற்பனை விலையான கிலோ 31 ரூபாய்க்கே கணக்குப் போட்டாலும் தினமும் 77,500 ரூபாய். நூறு நாள் அரவைக்கு முக்கால் கோடி ரூபாயைத் தாண்டிவிடும். அதே கரும்பு, அதே அரவை. கவனம் மட்டும் கூடியிருக்கிறது.

சக்கையிலிருந்து மின்சாரம்

கரும்பு ஆலையில் வீணாகப் போவது மிகக் குறைவு. ஒரு டன் கரும்பு அரைத்தால் ஏறக்குறைய 300 கிலோ சக்கை வரும், பாதி ஈரத்தோடு. அதை எரித்துத்தான் ஆலைக்கு வேண்டிய நீராவியும் மின்சாரமும் எடுக்கிறார்கள். பழைய குறைந்த அழுத்தக் கொதிகலன்களில் கிடைத்தது ஆலையின் சொந்தத் தேவைக்கே சரியாக இருந்தது. தமிழ்நாட்டின் 12 கூட்டுறவு, பொதுத்துறை ஆலைகளை நவீனப்படுத்தி, மொத்தம் 183 மெகாவாட் இணை மின் உற்பத்தி நிலையங்கள் அமைக்கும் திட்டம் வந்தபோது சேத்தியாத்தோப்பும் அதில் 15 மெகாவாட்டோடு இடம்பெற்றது. உபரி மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்று ஆலைகளை நிமிர்த்துவது நோக்கம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. உபரி மின்சாரத்துக்கு வேண்டிய உயர் அழுத்தக் கொதிகலனைக் கண்ணாலும் கையாலும் ஓட்ட முடியாது. தண்ணீர் மட்டம், காற்று, சக்கை வரத்து, நீராவி வெப்பம் எல்லாவற்றையும் நொடிக்கு நொடி பார்த்துச் சரிசெய்யக் கட்டுப்பாட்டு அறையும் ‘டி.சி.எஸ்.’ என்கிற கணினி அமைப்பும் கட்டாயம் வேண்டும். யாரும் கொடி பிடித்து வரவேற்காமல், ‘தொழில் 4.0’ என்று பேனர் கட்டாமல், மின் உற்பத்தியின் பின்னாலேயே தானியக்கமும் நம் கூட்டுறவு ஆலைகளுக்குள் வந்துவிட்டது.

கொதிகலன் என்றதும் இந்த வட்டாரத்தில் எவருக்கும் நெய்வேலி ஞாபகம் வராமல் போகாது. 2020 மே மாதத்திலும் மறுபடி ஜூலை 1-ஆம் தேதியும் அங்கே இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துப் பல தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இரண்டு மாதத்துக்குள் இரண்டு விபத்து. பல குடும்பங்கள் இன்னும் அதிலிருந்து மீளவில்லை. தானியக்கத்தைப் பற்றி எனக்குள்ள முதல் எதிர்பார்ப்பு இங்கிருந்துதான் வருகிறது. சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் இடத்தில் இயந்திரத்தை வைப்பதற்கு முன், மனித உடல் ஆபத்தில் நிற்கும் இடத்தில் அதை வைக்கவேண்டும். கொதிகலன் அருகே, அரவை உருளைகளின் வாயருகே, நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் சுழல் இயந்திரத்தின் அருகே. ஒரு பேரிங்கின் அதிர்வு மாறுகிறது என்று உணர்கருவி முன்கூட்டியே சொன்னால் பழுதையும் தவிர்க்கலாம், உயிரையும் காப்பாற்றலாம். ஆனால் கருவி எச்சரித்த பிறகும் உற்பத்தி நிற்கக்கூடாது என்று ஓட்டச் சொல்லும் நிர்வாகம் இருந்தால், எந்தக் கருவியாலும் யாரையும் காப்பாற்ற முடியாது. சிவப்பு விளக்கு எரிந்தால் இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் அங்கே நிற்கும் தொழிலாளிக்கு எழுத்தில் இருக்கவேண்டும்.

ஆட்டோவும் மேனுவலும்

எந்த ஆலையின் கட்டுப்பாட்டு அறைக்குள் போனாலும் ஒன்றை மட்டும் பாருங்கள். திரையில் எத்தனை கட்டுப்பாட்டு வளையங்கள் ‘ஆட்டோ’வில் இருக்கின்றன, எத்தனை ‘மேனுவலில்’ இருக்கின்றன? கோடிக்கணக்கில் செலவழித்து வாங்கிய தானியங்கி அமைப்பை, கருவி தப்பாகக் காட்டுகிறது என்று மேனுவலில் போட்டுவிட்டு, பழையபடி கையால் ஓட்டுவது இந்தியத் தொழிற்சாலைகளில் சர்வசாதாரணம். சர்க்கரை ஆலையில் இதற்கான காரணமும் தெரிந்ததே. சாற்றில் மூழ்கிக் கிடக்கும் உணர்கருவியில் சுண்ணாம்புப் படிவு ஏறும். அதை அடிக்கடி கழற்றிக் கழுவி, அளவு சரிபார்த்து மாட்டவேண்டும். அரவை நான்கைந்து மாதம்தான். மற்ற மாதங்களில் ஆலை மூடிக் கிடக்கும்போது ஈரமும் எலியும் கேபிளையும் மின்னணு அட்டையையும் ஒரு கை பார்த்துவிடும். பழுதான அட்டைக்கு மாற்று வாங்க டெண்டர் போட்டு, ஒப்புதல் வந்து, பொருள் வருவதற்குள் பருவமே முடிந்துவிடும்.

வாங்குவதற்குத் திட்டம் இருக்கிறது, நிதி இருக்கிறது, திறப்பு விழா இருக்கிறது. பராமரிப்பதற்கு இவற்றில் எதுவும் இல்லை. கூட்டுறவு ஆலைகளில் ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் பல ஆண்டுகள் காலியாகக் கிடப்பதும், கருவிப் பொறியாளர் இல்லாமல் வெளி நிறுவனத்தின் ஆளுக்காகக் காத்திருப்பதும் இதோடு சேர்ந்த சங்கதிகள். இயந்திரம் ஆட்களை வெளியேற்றிவிட்டது என்று சொல்கிறோம். இந்த ஆலைகளில் பெரும்பாலும் ஆட்கள் போன பிறகுதான் இயந்திரம் வந்தது. அதைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை.

ஆட்கள் கிடைக்க மாட்டார்களா என்றால், கிடைப்பார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில், 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பொறியியல் புலத்தில் கருவியியல் துறையும் உற்பத்திப் பொறியியல் துறையும் இருக்கின்றன. வேளாண் புலமும் இருக்கிறது. மாநில அரசு டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 தரத்துக்கு உயர்த்தியிருக்கிறது. ரோபோ, முப்பரிமாண அச்சு, மின்சார வாகனம் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கே படிக்கும் கடலூர் மாவட்டத்துப் பிள்ளை சென்னைக்குப் பஸ் ஏறிப்போய், விடுதியில் ஆறேழு பேரோடு தங்கி, ஒப்பந்தத் தொழிலாளியாகக் கார் பாகம் பூட்டுகிறான். அவனுடைய அப்பாவின் கரும்பை அரைக்கும் ஆலையில் உணர்கருவி கழுவ ஆள் இல்லை. ஆலை மூடியிருக்கும் மாதங்களில் பயிற்சி, அரவை மாதங்களில் சம்பளத்தோடு வேலை என்று பல்கலைக்கழகமும் ஐ.டி.ஐ.யும் ஆலையும் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இந்தியாவில் தொழில் பழகுநர் சட்டம் 1961-லிருந்தே இருக்கிறது.

கரும்பு எங்கே?

இவ்வளவும் ஆலைக்குள் நடப்பது. உண்மையான சிக்கல் வாசலுக்கு வெளியே இருக்கிறது. 2011-12-இல் தமிழ்நாட்டின் சர்க்கரை உற்பத்தி 23 லட்சம் டன்னைத் தாண்டியது. அடுத்தடுத்து வறட்சி. 2016-இல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. ஐந்தாறு ஆண்டுகளில் உற்பத்தி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. தனியார் ஆலைகள் சிலவற்றில் கரும்புப் பணம் வருஷக்கணக்கில் நிலுவையில் நின்றதால் மனம் வெறுத்தவர்கள் நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் சவுக்குக்கும் மாறினார்கள். அதன் பிறகு ஓரளவு மீட்சி வந்திருக்கிறது என்றாலும் பழைய பரப்பு திரும்பவில்லை. கரும்பு போதாத ஆலையில் எவ்வளவு கூர்மையான கணினி வைத்தாலும் அது காலி உருளைகளைத்தான் கண்காணிக்கும்.

2,500 டன் ஆலை என்றால் மணிக்கு நூறு டன்னுக்கு மேல் கரும்பு வந்துகொண்டே இருக்கவேண்டும். ஏக்கருக்கு 40 டன் விளைச்சல் என்று வைத்தால், ஒவ்வொரு மணி நேரமும் இரண்டரை ஏக்கர் கரும்பு. இது தடங்கல் இல்லாமல் வர, யாருடைய வயல் எப்போது முதிர்கிறது, யாருக்கு எந்தத் தேதியில் வெட்டு உத்தரவு, எந்த வண்டி எத்தனை மணிக்கு என்பதெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். பொருந்தாதபோது ஆலை வாசலில் டிராக்டர்கள் விடிய விடிய நிற்கின்றன. வெயிலில் கரும்பு காய்ந்து எடை குறைவது விவசாயியின் நஷ்டம். அதற்குள் சர்க்கரை குறைவது ஆலையின் நஷ்டம். கூட்டுறவு ஆலையில் இரண்டும் ஒரே ஆளின் தலையில் விழுகின்றன.

இதைச் சரிசெய்ய உத்தரப் பிரதேசம் ஒரு வழி காட்டியிருக்கிறது. அங்கே வெட்டு உத்தரவை ‘பர்ச்சி’ என்பார்கள். அந்தத் துண்டுச்சீட்டைச் சுற்றி இடைத்தரகர்களின் ராஜ்ஜியமே நடந்தது. இப்போது ‘ஸ்மார்ட் கன்னா கிசான்’ என்ற முறையில் பதிவு, பரப்பளவு, வெட்டு முறை எல்லாம் கணினியில் ஏறி, பர்ச்சி குறுஞ்செய்தியாக விவசாயியின் கைபேசிக்கே போகிறது. மகாராஷ்டிரத்தில் பாராமதி வேளாண் மேம்பாட்டு அறக்கட்டளை, செயற்கைக்கோள் படம், மண் உணர்கருவி, வானிலைக் கணிப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கரும்புக்கு எப்போது தண்ணீர், எப்போது உரம், எப்போது வெட்டு என்று விவசாயிக்குச் சொல்லும் முறையை நடத்திப் பார்க்கிறது. கோயம்புத்தூரில் 1912 முதல் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தை வைத்திருக்கும் நாம், தீபகற்ப இந்தியாவெங்கும் பரவிய கோ 86032 ரகத்தைத் தந்த நாம், இதில் பின்தங்கி நிற்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

எடை, கட்டுமானம், பதினான்கு நாள்

இப்போது எடைமேடைக்கு வருவோம். இருபது டன் பாரத்தில் அரை சதவீதம் எடை தவறினால் நூறு கிலோ. டன் 3,500 ரூபாய் என்ற 2024-25 விலைக் கணக்கில் ஒரு வண்டிக்கு 350 ரூபாய். ஒரு பருவத்தில் எத்தனை வண்டி ஏற்றுகிறோம் என்று எந்த விவசாயியும் உடனே பெருக்கிப் பார்த்துவிடுவார். ஆலைமீது சந்தேகம் பிறப்பது பெரும்பாலும் இங்கேதான். மின்னணு எடைமேடை வந்துவிட்டது என்பது மட்டும் போதாது. எண் எங்கே தெரிகிறது, யாருக்குத் தெரிகிறது என்பதுதான் கேள்வி. வண்டி ஏறிய நொடியில் எடை உறுப்பினரின் கைபேசிக்குப் போகவேண்டும். வெற்று வண்டியின் எடையும், கழிவுக்காகப் பிடித்த அளவும் அதிலேயே வரவேண்டும். தொழில்நுட்பமாக இது மிகச் சாதாரண வேலை. பால் கூட்டுறவுச் சங்கங்களில் பாலின் அளவையும் கொழுப்புச் சத்தையும் அளந்து அங்கேயே சீட்டுக் கொடுக்கிறார்கள். கரும்புக்கு ஏன் முடியாது?

கட்டுமானம் இன்னும் பெரிய விஷயம். கரும்பு விலையை ஆலையின் சராசரி சர்க்கரை கட்டுமானத்தை வைத்தே மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 2024-25 பருவத்தில் 9.5 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள ஆலைகளுக்கு டன்னுக்கு 3,151 ரூபாய். அதோடு மாநில அரசு 349 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை சேர்த்து 3,500 ரூபாய் ஆக்கியது. இதில் நன்றாகப் பயிர் செய்து, சோகை உரித்து, வெட்டிய அன்றே கொண்டுவந்தவருக்கும், மூன்று நாள் காய்ந்த கரும்பைக் கொண்டுவந்தவருக்கும் ஒரே விலை. ஆஸ்திரேலியாவில் ஒவ்வொருவரின் கரும்பையும் தனித்தனியே சோதித்து, அதிலுள்ள சர்க்கரைக்கு ஏற்பப் பணம் தருகிறார்கள். அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி நொடிகளில் சர்க்கரையை அளக்கும் கருவிகள் இன்று இருக்கின்றன. அவற்றை நேரடியாக விலையோடு கட்டிப்போடச் சொல்லவில்லை. தண்ணீர் வசதி இல்லாத சிறு விவசாயி அடிபட்டுப் போவார். முதல் சில பருவங்கள் அளந்து, அவரவர் எண்ணை அவரவருக்குச் சொல்லட்டும். உயர்ந்த கட்டுமானத்துக்கு ஊக்கத்தொகை மட்டும் தரலாம், குறைவுக்குப் பிடித்தம் வேண்டாம்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு ஒப்படைத்த 14 நாளில் பணம் தரவேண்டும். தவறினால் 15 சதவீத வட்டி. கொதிகலனின் அழுத்தத்தை நொடிக்கு நொடி கணக்கெடுக்கும் கணினி, ஒவ்வொரு உறுப்பினரின் பதினான்காம் நாளையும் கணக்கெடுக்கட்டும். தேதி தாண்டினால் வட்டியோடு சேர்த்து அவர் கணக்கில் தானாக ஏறட்டும். தானியக்கம் என்றால் அதுவும் தானியக்கம்தான்.

வெட்டுக்கத்தியும் அறுவடை இயந்திரமும்

கரும்பு வெட்டுவது உடம்பை உருக்கும் வேலை. சோகை கிழித்த கை கால்கள், விடியுமுன் தொடங்கும் உழைப்பு, வயலோரத்துக் குடிசை, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பெற்றோரோடு வந்த பிள்ளைகள். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி, அதைக் கழிக்க முடியாமல் பருவம் பருவமாகச் சிக்கிக்கொள்ளும் குடும்பங்களில் இருளர் மக்கள் கணிசம். 1976-லேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் வட தமிழகத்தின் கரும்பு வயல்களிலிருந்து குடும்பங்களை மீட்ட செய்திகள் தொடர்ந்து வந்தபடி இருக்கின்றன. இந்த வேலை மனிதர்கள் கையைவிட்டுப் போகவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

விவசாயிக்கும் இது தேவை. கரும்பு விலையில் பெரும்பங்கை வெட்டுக்கூலி கொண்டுபோய்விடுகிறது. கூலி கொடுத்தாலும் ஆள் கிடைப்பதில்லை. ஆனால் அறுவடை இயந்திரம் சேத்தியாத்தோப்பு வட்டாரத்துக்கு எளிதில் இறங்காது. வெள்ளாற்றுப் படுகையிலும் வீராணம் பாசனப் பகுதியிலும் களிமண். கார்த்திகை மழையில் ஊறிய வயலில் பத்துப் பதினைந்து டன் இயந்திரம் புதைந்து நிற்கும். புயல் காற்றில் சாய்ந்து பின்னிக்கிடக்கும் கரும்பை அதனால் சரியாக வெட்ட முடியாது. பார் இடைவெளி நாலரை, ஐந்து அடி வேண்டும். பழைய நடவில் அது இல்லை. துண்டு துண்டாக வெட்டிய கரும்பு முழுக்கரும்பைவிட வேகமாகக் கெடும் என்பதால், ஆலை அதை உடனே அரைத்தாகவேண்டும். ஆகவே இயந்திரத்துக்கு மானியம் கொடுத்தால் மட்டும் காரியம் ஆகாது. நடவுக்கு முன்பே பத்து இருபது விவசாயிகளின் பக்கத்துப் பக்கத்து நிலங்களை ஒன்றாகத் திட்டமிட்டு, அகலப்பார் போட்டு, ஒரே நேரத்தில் முதிரும்படி செய்யவேண்டும். வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகை முறையில் இயந்திரம் எடுக்கும் வசதி இருக்கிறது. அதை ஆலையின் வெட்டு அட்டவணையோடு இணைக்கவேண்டும்.

வெட்டுகிறவர்கள் என்ன ஆவார்கள்? பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலத்தில் 2007-இல் அரசும் ஆலைகளும் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு, கரும்புத் தோட்டத்துக்குத் தீ வைத்துக் கையால் வெட்டும் முறை படிப்படியாக மறைந்து, இயந்திர அறுவடை வந்தது. அங்கே ஆலைகளின் கூட்டமைப்பும் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து வெட்டுத் தொழிலாளர்களை டிராக்டர் ஓட்டுநர்களாகவும் மெக்கானிக்குகளாகவும் பயிற்றுவிக்கத் திட்டம் வகுத்தன. எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடவில்லை. ஆனால் யார் வேலை இழப்பார்கள் என்று முதலிலேயே யோசித்தார்கள். இங்கே வெட்டுத் தொழிலாளி ஆலையின் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மேஸ்திரியின் நோட்டில்தான் இருக்கிறார். அவருடைய பெயரும் வங்கிக் கணக்கும் முதலில் ஆலைக் கணினியில் ஏறினால்தான் கூலி நேரடியாகப் போகும், முன்பணக் கணக்கு வெளிச்சத்துக்கு வரும், நாளைக்குப் பயிற்சி என்றாலும் நிவாரணம் என்றாலும் அவரைத் தேடிப் பிடிக்க முடியும்.

எம்.ஆர்.கே. ஆலையின் உறுப்பினர்களுக்கும், மாநிலத்தின் மற்ற கூட்டுறவு ஆலை உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த அரவைக்கு முன் நடக்கும் பேரவைக் கூட்டத்தில், ஆண்டறிக்கையைக் கைதட்டி ஏற்றுக்கொள்வதற்கு முன், நான்கு வரியில் ஒரு தீர்மானம் எழுதிக் கொடுங்கள். வெட்டுத் தேதியும் வண்டி எடையும் அன்றன்றே உறுப்பினர் கைபேசிக்கு வரவேண்டும். ஆலையின் தினசரி சர்க்கரை கட்டுமானத்தை வாசலில் பலகையில் எழுதவேண்டும். பதினான்காம் நாள் தாண்டிய பணத்துக்கு வட்டி தானாகச் சேரவேண்டும். வெட்டுத் தொழிலாளர் பெயர்கள் ஆலைப் பதிவேட்டில் ஏறவேண்டும். சர்க்கரைத் துறை ஆணையரகம் இதற்குப் பெரிய நிதி ஒதுக்கவேண்டியதில்லை. கொதிகலனுக்கும் பானுக்கும் செலவழித்ததில் ஒரு சிறு பங்கே போதும். இந்த நான்கும் நடந்துவிட்டால், விட்டுப்போன கரும்புப் பரப்பில் ஒரு பகுதியாவது சேத்தியாத்தோப்புக்குத் திரும்பி வரும் என்று நான் நம்புகிறேன்.